நோட்டில் இல்லாத மழை

1

இது ஒட்டுக்கேட்ட கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972இல் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அருள்பிரகாசம் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர். அவர் முகத்தை நாலு தடவை வர்ணித்து நாலு தடவையும் அடித்துவிட்டேன். குரல்தான் வருகிறது.

2

வானம் கறுத்துக் கிடந்த ஒரு

(வேண்டாம். வானம் கறுத்திருக்கவில்லை. கதையே அதுதான்.)

மழை வந்தால் கோதுமை நனையுமென்று கப்பலின் சரக்கறை வாயை மூடி வேலையை நிறுத்துவார்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்று எழுதுவது அருள்பிரகாசத்தின் வேலை. ஏழு வருஷக் குறிப்புகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தார். மழை கும்பலாக வருகிறது, வாரக்கணக்கில் ஓய்கிறது, ஏறக்குறைய நாற்பது நாளில் திரும்ப வருகிறது.

"மேகக் கூட்டம் ஒண்ணு ஒலகத்தையே சுத்திகினு கீது ஹில்டா. நம்ம பக்கம் வந்தா மழை. தாண்டிப் போச்சுன்னா காயுது."

"கொயம்பும் காயுது. அத்த பாருங்க மொதல்ல." மனைவி ஹில்டா.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு டேலி கிளார்க் இவ்வளவு கண்டுபிடிப்பாரா? பிற்பாடு படித்ததை அவர் வாயில் திணிக்கிறேனா? 'சுத்து' என்ற சொல் மட்டும் அவருடையது. சத்தியம்.)

3

அருள்பிரகாசத்தின் தங்கை சிலுவையம்மாளும் அவள் புருஷன் லூர்துவும் நெட்டுக்குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள்.

"மச்சான், பத்து நாளா கட்டுமரம் மணல்லயே கெடக்குது. கடலுக்குப் போலாமா?"

"சுத்து தாண்டிப் போயிடுச்சு மாப்ள. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் கெடையாது."

"நீ சொல்றியா, நோட்டு சொல்லுதா?"

"நோட்டு."

"அப்ப சரி. நீ சொன்னா போமாட்டேன்."

சிலுவையம்மாள் சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும்.

புதன்கிழமை விடியலில் லூர்து போனான். மத்தியானம் காற்றும் மழையும். மறுநாள் எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டுமரம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

4

லூர்து போன எட்டாம் நாள்.

"இன்னாங்க, முந்தி ஒரு வருசம் கார்த்திகைல ஸ்ட்ரைக்கு நடந்துச்சே. வூட்டுக்குள்ள மொழங்கால் தண்ணி. அந்த மழை நோட்டுல எங்க கீது?"



"வேலயே நடக்கல. நடக்காத வேலய எங்க நிறுத்துறது?"

"கப்பலு வராத நாளு?"

"அதுவும் இல்ல."

"அப்ப காயுற நாளுன்னு சொன்னீங்களே..."

"யாரும் எழுதாத நாளு ஹில்டா."

5

(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன். அடியில் போட மனம் வரவில்லை.

அவர் கண்ட சுத்து பொய்யில்லை. அதே காலத்தில்தான் பசிபிக் தீவொன்றின் காற்றுப் பதிவுகளில் விஞ்ஞானிகளும் அதைக் கண்டார்களாம். இந்து மகாசமுத்திரத்தில் எழுந்து கிழக்கே நகர்கிற, பல்லாயிரம் மைல் அகலமான காற்றலை; முப்பதிலிருந்து அறுபது நாளில் ஒரு சுற்று. அது வந்தால் மழைக்கு வாய்ப்பு கூடும், போனால் குறையும். குறையும், அவ்வளவே. அந்த இடைவெளியிலும் சின்ன அலைகள் கிழக்கிலிருந்து வரும். ஒரு மத்தியானம் கொட்டிவிட்டுப் போகும். எந்தக் கட்டுமரத்தின் மேல் என்று எந்த அலையும் சொல்வதில்லை.

இதை லூர்துவிடம் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று)

6

இருபதாம் நாள் சிலுவையம்மாள் வந்தாள்.

"அண்ணா, நோட்ட எடு."

"எதுக்கு சிலுவ?"

"அடுத்த சுத்து எப்பன்னு பாரு. இட்டுகினு போன காத்து திரும்பி வரும்னு நீதான சொன்ன? தேதி சொல்லு. நான் மொகத்துவாரத்தாண்ட போய் நிக்கறேன். அவுங்க வூட்டுல காரியம் பண்ணணும்ன்றாங்க. அதுவரைக்கும் பண்ணவுட மாட்டேன்."

நோட்டில் ஸ்ட்ரைக் நாட்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் உண்மையைச் சொல்கிறார். நாற்பதில் அவளுக்கு மிச்சமிருக்கிற இருபது நாளும் போகிறது, அண்ணனும் போகிறான். இன்னொன்றில் ஒரு தேதியைச் சொல்கிறார். அவள் போய் நிற்கிறாள். நோட்டை அடுப்பில் போட்டார் என்றும் ஒன்று எழுதினேன். நாடகம். கிழித்துவிட்டேன்.

நான் கேட்டது, தாள் புரளும் சத்தம். அந்நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் விட்டான். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.

அடுத்த வரியை இத்தனை வருஷமாக என்னால் எழுத முடியவில்லை. இடம் விட்டிருக்கிறேன். எழுதுகிறவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதையே எழுதவும்.

"சொல்லு அண்ணா, எந்தத் தேதி?"

"சிலுவ,