குழலுக்குள் ஒன்று

"மன்னி, இது எப்படி இங்க வந்தது?"

ஷ்யாமளாவின் புருஷன் நாணுவின் உடலைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியாயிற்று. அவர் படுத்திருந்த மெத்தையைச் சுருட்ட அறைக்குள் போன தம்பி பத்ரிநாராயணன், தலையணைக்கடியிலிருந்து துப்பாக்கியோடு நிமிர்ந்தான். மாமனார் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பழைய பிஸ்டல். பீரோவுக்குள் பூட்டிக் கிடக்க வேண்டிய சனியன். ஷ்யாமளா கையை நீட்டித் தடுத்தாள்.

"தொடாதே பத்ரி. வெச்சுடு."

"லைசென்ஸ் அண்ணா பேர்லன்னா இருக்கு? இனிமே ஆத்துல வெச்சுக்கப்படாது. ஸ்டேஷன்ல சரண்டர் பண்ணணும்." பேசிக்கொண்டே பிடியிலிருந்து மேகசினை உருவிக் கட்டிலில் போட்டான். "டென்ஷனே வேண்டாம். தோட்டா எல்லாம் இதுக்குள்ளதான். இப்போ காலி."

பெரிய சூரப்புலி! ஆயுசு பூரா பாங்கில் லெட்ஜர் பார்த்த கை. விசையில் விரலை நுழைத்து, கையை நீட்டிக் குறி பார்த்தான். எதிரே பாத்ரூம் கதவு. உள்ளே, கொள்ளி வைக்கப்போகிற கௌசிக் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒரே பிள்ளை.

துப்பாக்கியின் பின்பக்கத்துக் குட்டிச் சுத்தியல் பின்வாங்கி நின்றதை அப்போதுதான் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் வைத்த சாமான், அவளுக்குத் தெரியாதா? மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால் சுத்தியல் இப்படி நிற்கும். மேகசினிலிருந்து ஒரு தோட்டா ஏறிக் குழலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மேகசினை உருவினாலும் ஏறினது ஏறினதுதான். விசை அசைந்தால் சுத்தியல் விழும், ஊசியை அடிக்கும், ஊசி தோட்டாவின் முதுகில் குத்தும். நாணு ஒரு வருஷம்கூடச் சுத்தியலை இறக்காமல் பூஜையில் வைத்ததில்லை.

"விரலை எடுடா!"

கூடத்தில் வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார். பத்ரி விரலை எடுத்துவிட்டான். அவள் துப்பாக்கியைப் பிடுங்கி, கட்டில் மெத்தைப் பக்கம் திருப்பி, மேல்பக்கத்தை இழுத்தாள். மூட்டுவாதம் பிடித்த கை, முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை ஒரு தோட்டா துள்ளி மெத்தைமேல் விழுந்தது.

பத்ரி பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான். "ஐயோ, கௌசிக்... மன்னி, அண்ணா எதுக்கு இதை..."

எதுக்கா? மூன்று மாதமாகப் புற்றுநோய் அரித்த மனுஷன். போன வாரம் பிரதோஷத்தன்று, "கோவிலுக்குப் போயிட்டு மெதுவா வா"ன்னு அவளை விரட்டாத குறையாக அனுப்பினார். மழை வந்ததால் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வந்துவிட்டாள். அவர் கை தலையணைக்கடியில் இருந்தது. "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார். "ஏன், வரப்படாதா?" என்று இவள் சிடுசிடுத்தாள். அன்றைக்கு அதோடு பேச்சு முடிந்தது.

துப்பாக்கியையும் மேகசினையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மெத்தைமேல் கிடந்த தோட்டாவை மட்டும் இடது கையில் பொத்திக்கொண்டாள். கௌசிக் ஈர வேட்டியோடு வெளியே வந்தான்.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லடா. போய் உட்காரு."

வாய்க்கரிசிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். குனிந்தபோது பொங்கிக்கொண்டு வந்தது, துக்கமா கோபமா தெரியவில்லை. படுபாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? சொல்லியிருந்தா ராத்திரி பகல் பக்கத்திலேயே உக்காந்திருப்பேனே.

"மூணு தடவை மாமி," என்றார் வாத்தியார்.

வலது கையால் மூன்று தடவையும் போட்டாள். இடது கை முந்தானைக்குள் மூடியே இருந்தது.