பதிவேட்டில் இல்லாத முருகேஸ்வரி

2022 ஆனி மாதம், தூத்துக்குடி புறவழிச்சாலை ஓரத்தில் உள்ள ஓர் இறால் கம்பெனியின் நாற்பது பெண்கள் போலீசில் சாட்சி சொல்ல வாயைத் திறந்தபோது, ஆளுக்கு ஒரு டம்ளர் கடல்தண்ணீர் வந்தது. வார்த்தை வரவில்லை. ஏட்டு ராமர் முதல் நான்கு பேருக்குத் துண்டு கொடுத்தார், ஐந்தாவது ஆளிலிருந்து வாளி வைத்தார். மற்ற விஷயங்களை அந்தப் பெண்கள் நன்றாகவே பேசினார்கள். ஐஸ் உடைக்கும் மிஷினைப் பற்றிக் கேட்டால்தான் தண்ணீர். பத்து நாளுக்கு முன்னால் அந்த மிஷினில்தான் திரேஸ்புரத்து அனிஷாவின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. வயது இருபத்து மூன்று. அவளே கையை விட்டாள், கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததை முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே ஏற்றியிருந்தார்கள். இல்லை என்று அனிஷாவாலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வாயிலிருந்தும் தண்ணீர்தான் வந்தது. நுரையீரலை இரண்டு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. ஒருத்தராவது சாட்சி சொல்லாவிட்டால், அவள் தன் கையைத் தானே மிஷினுக்குத் தின்னக் கொடுத்தாள் என்பதுதான் கடைசிவரை அரசாங்கத்தின் முடிவாக இருக்கும்.

இந்த மாதிரி வழக்குகள் இன்ஸ்பெக்டர் செண்பகத்திடம் வரும். மாயக் குற்றங்களுக்கான பிரிவு துறைமுகச் சாலையில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது: இரண்டு நாற்காலி, ஒரு பீரோ, ராமர். வேம்பாரில் பக்கத்து உப்பளத்து வெயிலைத் திருடித் தன் பாத்தியில் விழவைத்தவனைப் பிடித்து, வெயிலை நடுமதியத்தில் சாட்சிகள் முன்னிலையில் உரியவரிடம் திருப்பி ஒப்படைத்தவர் செண்பகம். சட்டத்தில் மந்திரத்துக்கென்று பிரிவு இல்லாததால் திருட்டைத் திருட்டு என்றும் மிரட்டலை மிரட்டல் என்றும் எழுதுவார். எப்படி நடந்தது என்று கேட்கமாட்டார். யாருக்கு லாபம் என்று கேட்பார், பெரும்பாலும் அது போதுமானதாக இருக்கும்.

வாளித் தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அது கரைத் தண்ணீர் இல்லை, பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில், முத்துச்சிப்பி விளையும் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில் உள்ள தண்ணீர் என்று பதில் வந்தது. அந்த ஆழத்தில் வாய்க்கட்டுப் போடத் தெரிந்தவர் யார் என்று திரேஸ்புரத்தில் விசாரித்தபோது எல்லோரும் ஜெர்சன் வீட்டைக் காட்டினார்கள், அது ரகசியமே இல்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் ஆட்கள் கடலில் இறங்குமுன் சுறாக்களின் வாயைக் கட்டிய குடும்பம் அது. முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேலாகிறது. ஜெர்சன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனி சூப்பர்வைசர் செல்வின் அவனுக்கு நிரந்தர டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தான்.

“ஏலே, சுறாவுக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும் ஒனக்கு?” என்றார் செண்பகம்.

“சுறான்னா பொழுது சாயுமுன்ன அவுத்துருவோம் மேடம். அன்னைக்குச் செல்வின் அவுக்க விடல. பொழுது தாண்டுனா என் கைக்கு அவுழாது.” ஜெர்சன் அழுதான். “நடந்தத பார்த்தவங்க ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லிட்டா, எல்லாக் கட்டும் தானா அவுந்துரும். ஆனா பார்த்தவங்க எல்லாரையுமில்லா கட்டியிருக்கேன். சுறாவ மொத்தமா கட்டலாம். மனுசருக்குப் பேரு வேணும். செல்வின் வருகைப் பதிவேட்டக் குடுத்தான், ஒரு பேரு விடாம வாசிச்சுக் கட்டுனேன்.”

செண்பகம் திரும்பி வந்து, மிஷின் பேச்சை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று நாற்பது பேரையும் கேட்டார். மடமடவென்று சொன்னார்கள். “எம்பக்கத்துல முருகேசு, ஊறுகாய்க்குன்னே வந்து ஒட்டிக்கிடுவா” என்றாள் ஒருத்தி. ராமர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒரு பெயர் இல்லை.

முருகேஸ்வரி ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. மூன்று வருடமாக அங்கே இறால் உரித்தாள். சேமநிதி கட்ட வேண்டியிருக்கும் என்று அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாட்களில் அவளைக் கக்கூஸுக்குள் போய் நிற்கச் சொல்வார்கள், மூன்று மணி நேரமானாலும் நிற்பாள். “என்னைய யாரும் கூப்பிடலயே மேடம்” என்றாள். அது உண்மை. கம்பெனி கொடுத்த பட்டியலை நம்பி ஆள் கூப்பிட்டது செண்பகம்தான். அவர் அதை மறைக்காமல் வழக்கு நாட்குறிப்பில் எழுதினார்.

“சொன்னா வேலை போயிருமா மேடம்?”

“போகும்.”

முருகேஸ்வரி சிரித்துவிட்டாள். “இருந்தாத்தான போகும்? நாந்தான் அங்கன இல்லவே இல்லையே.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “வேலை சுணங்குதுன்னு செல்வின் சார் மிஷின் மூடியக் கழட்டச் சொன்னாரு. அனிஷா மாட்டேன்னுட்டா. அவரே கழட்டுனாரு. ஐஸு சிக்குனப்போ கைய விட்டு எடுன்னு அவர்தான் சத்தம் போட்டாரு.”

அவள் சொல்லி முடித்த பதினொன்று இருபதுக்கு, மீன் ஏலத்தில் நின்றவள், கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள், பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவள் என்று நாற்பது பேரும் இருந்த இடத்திலேயே செல்வின் பெயரைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அனிஷா சொன்னாள், எக்ஸ்ரே எடுத்த நர்சு எழுதிக்கொண்டாள். அறிக்கையில் கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்தார்கள். செல்வின் சிறைக்குப் போனான், ஜெர்சனும் ஆறு மாதம் போனான். போகும் முன் ஜெர்சன் முருகேஸ்வரியைப் பார்த்துக் கும்பிட்டான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கை வளரவில்லை. அப்படியெல்லாம் இந்தக் கடற்கரையில் நடப்பதில்லை. ஆனால் அனிஷா வீடு திரும்பிய மறுநாள் காலை ஏழு மணிக்குச் சடை பின்ன உட்கார்ந்தபோது, அவள் வலது மணிக்கட்டின் முனையில், தழும்பு விழுந்த, நகத்தில் இறால் வாடை அடிக்கிற வேறொரு கை வந்து பின்னலை முடித்துவிட்டுப் போனது. அதே நேரம் சாட்சி சொன்ன பெண்களில் ஒருத்திக்கு ஐந்து நிமிடம் கை இல்லை. அடுத்த நாள் இன்னொருத்திக்கு. கத்தி பிடிக்கும் நேரமாக அமைந்துவிடக் கூடாது என்று அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள், எந்த நாள் யார் முறை என்று அனிஷாவுக்கும் தெரியும். முதல் வாரம் முழுக்க அவள் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக முத்தமிட்டாள்.

வேலை நேரத்தில் தொழிலாளர்களின் கைகள் காணாமல் போகின்றன, இது திருட்டு என்று கம்பெனி புகார் கொடுத்தது. செண்பகம் முறைப்படி நாற்பத்தொரு பேரையும் விசாரித்தார். இந்தத் தடவை பட்டியலை அவரே எழுதினார். என் கையைத் திருடினார்கள் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. திருட்டு இல்லை, அவர்களே கொடுத்தது என்று எழுதிக் கோப்பை மூடினார்.

முருகேஸ்வரி இப்போது வேறு கம்பெனிக்குப் போகிறாள். தன் முறை வருகிற காலையில் ஓட்டப்பிடாரம் பஸ் நிறுத்தத்தில், இடது கையில் தூக்குவாளியோடு ஏறாமல் நிற்பாள். “ஒரு நிமிஷம் அண்ணாச்சி, கை வந்துரட்டும்” என்பாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார். பஸ்ஸுக்குள் யாரும் அவசரப்படுத்துவதில்லை.