சீனிக்கட்டி நகரம்

ஹூஸ்டன் ஹில்கிராப்ட் வீதியில் செல்வராஜாவின் சாப்பாட்டுக் கடை. அதன் சமையலறையில், கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து தொமாசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. குவாத்தமாலாவிலிருந்து வந்த மாயா இனத்துப் பிள்ளை. தாய் ஹுவானா அங்கேயே பாத்திரம் கழுவுகிறாள். ஒரு வருடத்தில் தொமாசா கற்ற தமிழ் மூன்றே சொல்: வெங்காயம், உப்பு, 'சீக்கிரம்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் கெதியா. கற்றுக்கொடுத்த பெருமை முதலாளியின் மனைவி ஞானமணியையே சேரும்.

தொமாசாவின் வயதே ஆன ஞானமணியின் மகன் ஷாந்தன், சமையலறை மேசையில் பள்ளி புராஜெக்டுக்காகச் சீனிக்கட்டிகளை ஒட்டிப் பழைய மாயா நகரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கோயில், சந்தை, பந்து விளையாடும் முற்றம் எல்லாம் எழும்பிவிட்டன. அந்த நகரத்தில் எழுத்துப் படித்தது பெரிய வீட்டுப் பிள்ளைகள்தானாம். சோளம் விதைத்தவர்களின் பிள்ளைகள் கல்லில் செதுக்கியதை வெறுமனே பார்த்துவிட்டுப் போவார்களாம். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவன், தொமாசாவைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அம்மா, வை இஸ்ன்ட் ஷி இன் ஸ்கூல்?"

பள்ளிக்கூடத்தில் விசா கேட்பார்கள், பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று ஹுவானாவிடம் சொன்னதே ஞானமணிதான். அவளுக்குச் சொன்னவர் கணவர். ஒருவரும் விசாரித்துப் பார்க்கவில்லை. விசாரிக்காததில் வசதியும் இருந்தது; வெங்காயம் உரிக்க ஒரு கை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குப் பள்ளிக்கூடம் மூடி, பரீட்சை எழுதாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவள் ஞானமணி. அந்த வயிற்றெரிச்சல் இன்றும் ஆறவில்லை. அப்படிப்பட்டவளே இன்னொரு பிள்ளையை வெங்காயத்தோடு அடைத்து வைத்திருக்கிறாள்.

கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கல்லாவை விட்டு எழும்பவேயில்லை.

"ஆர் வேலை குடுத்ததெண்டு கேப்பினம். பிறகு கடையைப் பூட்டுறதுதான். பேசாமல் இரு."

வாயைத் திறந்தால் கடை போகும், மூடினால் பிள்ளையின் வாழ்வு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

திங்கட்கிழமை, கொத்தமல்லி வாங்கப் போவதாகக் கணவரிடம் சொல்லித் தாயையும் மகளையும் வேனில் ஏற்றினாள். ஹுவானா வழி முழுக்க மகளின் கையை விடவில்லை. பள்ளி அலுவலகப் பெண் வீட்டு விலாசத்துக்குச் சான்றாக லைட் பில்லும், தடுப்பூசி அட்டையும் கேட்டாள். இரண்டையும் ஹுவானா தன் பையிலிருந்து எடுத்தாள்; அட்டை, வந்த நாளிலிருந்தே அதில் இருந்ததாம். அடுத்து வரப்போகும் விசாக் கேள்விக்காக ஞானமணி காத்திருந்தாள். அது வரவேயில்லை. வகுப்பறைப் பக்கம் அந்தப் பெண் கையைக் காட்டியதும், தொமாசா ஞானமணியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கெதியா, ஆன்ட்டி. கெதியா."

கடையில் வெங்காயக் கூடை அப்படியே கிடந்தது. நடந்ததைக் கேட்ட செல்வராஜா, இனி இதை ஆர் உரிப்பது என்று முகத்தைச் சுளித்தார். ஞானமணி கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒருத்தரும் விசா கேக்கேல்லையப்பா. பள்ளிக்கூடக் கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு பிள்ளையின்ர படிப்பை மறிக்க ராசாவும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். விசாரிக்காமல் பயமுறுத்துற எங்களைப்போல ரெண்டு பேர் போதும்."

செல்வராஜா கத்தியையும் கவிழ்ந்து கிடந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதில் உட்கார்ந்தார்.