தொண்ணூற்று நான்கு தீர்மானங்கள்

1

இந்தக் கதை ஒரு நன்றியில் பிறந்தது. நன்றி சொன்னவள் நொயெமி பராகான், பன்றி இறைச்சி ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் வேலை. வாங்கிக்கொண்டவள் ஜோலீன் டியாடன், எங்கள் ஊர் நூலகர். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு வருஷமாக எழுதிப் பார்க்கிறேன். உட்கார்ந்தாலே காது சூடாகிவிடுகிறது.

முதல் தொடக்கம்: "ஜனநாயகம் என்பது பொறுமையின்" — சீ, வேண்டாம். பொறுமை யாரிடம் இருந்தது, யாருக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதானே கதை.

இரண்டாவது: "அயோவாவில் ஒரு மார்ச் சனிக்கிழமை, பள்ளிக்கூடக் கூடைப்பந்து அரங்கில், கட்சியின் மாவட்ட மாநாடு." பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை எங்கள் பக்கம் படிப்படியாக முடிவு செய்வார்கள். மாவட்டப் படியில் ஒரு விதி. காலையில் பதிவானவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் கடைசி எண்ணிக்கையின்போது ஒருவருக்காக நேரில் நிற்கவேண்டும். குறைந்தால் அவருக்கு அந்த மாவட்டத்தில் ஒன்றும் கிடையாது. அந்த எண்ணிக்கை, தீர்மானங்களை வாசித்து முடித்த பிறகுதான்.

அன்று பதிவானவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். தேவை இருபத்திரண்டு. கட்சிப் பெரியவர்களுக்கு ஆகாத ஒரு வெளியாள் வேட்பாளருக்கு (பெயர் வேண்டாம், இப்போது அவரை யார் நினைக்கிறார்கள்?) இருபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆலைத் தொழிலாளிகள். இரண்டரைக்குள் கார்டு அடித்தாகவேண்டும். ஆலை இருபது நிமிஷத் தூரம். இவர்களுக்குப் பதிலாக நிற்க மாற்று ஆளும் இல்லை. மாற்று ஆளைப் பதிவு செய்துவைக்கலாம் என்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் மாவட்டத் தலைவர் மெர்ல் ஹோஃப்மான் கணக்குப் போட்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். விதியை மீறுகிற மனுஷர் இல்லை. விதியை வைத்தே ஆளைக் கொல்லத் தெரிந்தவர்.

3

பதினொன்றே முக்காலுக்கு ஜோலீனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா ஜோலீன், தீர்மானமெல்லாம் தொண்ணூத்தி நாலு. நீதான் வாசிக்கணும்."

"தலைப்பு மட்டும்தானே சார்? எப்பவும் அப்படித்தானே?"

"இந்தத் தடவை முழுசா. புள்ளைங்களுக்குக் கதை வாசிப்பியே, அந்த மாதிரி ஏத்த இறக்கத்தோட. அவசரமே இல்ல."

அவளுக்குப் புரிந்தது. புரியாத மக்கு இல்லை அவள். ஆனால் எட்டாம் வகுப்பில் அவர் முன்னால் கையைக் கட்டி நின்றவள். நாற்பத்தாறு வயதிலும் அந்தக் கை அவிழவில்லை. "சரி சார்" என்றாள்.

முழுதாக வாசிக்கவேண்டும் என்று ஒருவர் முன்மொழிய, பின்வரிசையிலிருந்து ஒரு தடித்த ஆள் வழிமொழிந்தான்.

(தடித்த ஆளும் இல்லை, பின்வரிசையும் இல்லை. மேடையை ஒட்டிய நாற்காலியிலிருந்து வழிமொழிந்தவன் நான். மூன்று பிரதிகளிலும் அந்தத் தடியனை உட்காரவைத்துப் பார்த்தேன், என் முகத்தோடுதான் எழுந்து நிற்கிறான். நானும் இந்த ஊருக்கு வெளியாள்தான், வந்து இருபத்தாறு வருஷம். அன்று காலை மெர்ல் முதன்முதலாக என் தோளில் கை போட்டு, "நம்ம ஆளு நீங்க, ஒரு உதவி" என்றார். நம்ம ஆளு! அந்த ஒரு சொல்லுக்குப் பல்லை இளித்துக்கொண்டு எழுந்து நின்றேன். தூ.)

4

ஜோலீன் வாசித்தாள். அழகாகத்தான் வாசித்தாள். மண் அரிப்பு, பள்ளிப் பேருந்து, தேனீ.

"ஏம்மா, கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"எந்த வருஷக் கிறிஸ்துமஸ்னு கேளுய்யா!"

சிரிப்பு. ஒன்றரை ஆனபோது ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஏழு பேர் போயாயிற்று. மீதி இருபத்திரண்டு, நொயெமியையும் சேர்த்து. அவள் போனால் கதை முடிந்தது. ஆலையில் அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தாமதம்தான் பாக்கி. அதையும் செலவழித்தால் வேலை போய்விடும்.

ஜோலீன் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது நொயெமி மேடைக்கு வந்தாள்.

"இன்னும் எத்தனை இருக்குங்க?"

அறுபத்தொன்று முடிந்திருந்தது. முப்பத்துமூன்று பாக்கி. ஜோலீன் தாளைப் பார்த்தாள், மெர்லைப் பார்த்தாள்.

"கொஞ்சம்தான்" என்றாள்.

"அப்ப இருக்கேன். அம்பத்தெட்டாவது எங்க ஆலையைப் பத்தி, இல்ல? கத்தி வெட்டு, கை மரத்துப்போறது, எல்லாம் ஒரு வரி விடாம வாசிச்சீங்க. எங்களுக்காக இவ்வளவு தூரம் யாரும் வாய் வலிக்க வாசிச்சதில்லை. ரொம்ப நன்றிங்க."

ஜோலீனின் கழுத்து சிவந்தது. "நொயெமி, நான்..." என்று தொடங்கினாள்.

5

இந்த இடத்தில் மூன்று விதமாக எழுதினேன்.

ஜோலீன் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, "சார், என்னால முடியாது" என்கிறாள். கைதட்டல். (பொய்.)

நொயெமி எல்லாம் புரிந்து மெர்லின் சட்டையைப் பிடிக்கிறாள். (ஆசைதான். நடக்கவில்லை.)

நான் எழுந்து, "வாசிப்பை இத்தோடு நிறுத்தி எண்ணிக்கைக்குப் போகலாம்" என்று முன்மொழிகிறேன். விதியில் அதற்கு இடம் உண்டு. எனக்குத் தெரியும். என் கால்களுக்கும் அன்று ஒரு நோயும் இல்லை.

நடந்தது இது. "நான்..." என்றவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தீர்மானம் அறுபத்திரண்டு" என்றாள். நொயெமி இரண்டு மணி எட்டு நிமிஷம் வரை காத்திருந்தாள். பிறகு குனிந்தபடி, தன் பக்கத்து ஆட்களிடம் "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். மன்னிப்புக் கேட்டவள் அவள்! கதவு சாத்திக்கொண்டதும் மெர்ல் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எழுபதோட போதும்மா. மீதியை வாசிச்சதா எடுத்துக்கலாம். எண்ணிக்கையை ஆரம்பிங்க."

இருபத்தொன்று.

6

நொயெமி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சேர்ந்தாள் என்றால் நீங்கள் பெருமூச்சு விட்டு எங்களை மன்னித்துவிடுவீர்கள். இல்லை என்றால் அவளுக்காக அழுதுவிட்டு எங்களை மறந்துவிடுவீர்கள். இரண்டும் வேண்டாம்.

இதுவரை வாசித்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் மூன்றாம் பகுதியிலேயே எழுந்து வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே, விதிப்படி, அரங்கில் மிச்சம் இருப்பவர்களை வைத்து ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. இந்தக் கதையை எழுதியவனை மன்னிக்கலாம் என்று முன்மொழிகிறேன். நான் மட்டும் முன்மொழிந்தால் செல்லாது. யாராவது ஒருவர் வழிமொழியவேண்டும்.

காத்திருக்கிறேன்.