சீட்டோடு வந்த கட்டுரை

சம்பங்கி, ஓசூர்த் தொழிற்பேட்டையை அடுத்த உயர்நிலைப்பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை. எந்த விடைத்தாளையும் முதலில் பெயர் பாராமல் படிப்பார். பின்னர்ப் பெயர் பார்த்துப் படிப்பார். இரு மதிப்பெண்களும் வேறுபட்டால் மூன்றாம் முறையும் படிப்பார்.

மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது குறித்து விதி வகுக்க அன்று பிற்பகல் குழு கூடியது. தலைமையாசிரியர் நாராயணப்பன் ஒரே வரியில் எழுதி வந்திருந்தார்: பயன்படுத்தியது தெரிந்தால் மதிப்பெண் இல்லை.

அவ்விதியில் முதலில் அகப்படுபவள் ஒன்பதாம் வகுப்பு வினிதா. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி அழுகுவதைப் பற்றிய அவளுடைய கட்டுரையை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பச் சம்பங்கி தேர்ந்தெடுத்திருந்தார். விதி நிறைவேறினால் அவள் பெயரை நீக்க வேண்டும்.

“போன்கிட்ட கேட்டேன்னு அவளே கீழ எழுதி வெச்சிருக்கறா டீச்சர். திருட வந்தவன் விலாசத்தையும் குடுத்துட்டுப் போன மாதிரி!” என்று நாராயணப்பன் சிரித்தார்.

சம்பங்கி வேறு ஆறு கட்டுரைகளை மேசைமேல் வைத்தார். ஆறிலும் ஒரே பத்தி சொல் மாறாமல் இருந்தது.

“இவங்க விலாசம் குடுக்கல சார். விட்டுடலாமா?”

“கேட்டா நாங்களே எழுதினோம்பாங்க. எப்பிடி நிரூபிக்கறது?”

பெற்றோர் சார்பில் வந்திருந்த முனிவேல், உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் தரம் பார்ப்பவர். அவர் குறுக்கிட்டார்.

“எங்க கம்பெனியில ஒவ்வொரு ட்ரேயோடயும் ஒரு சீட்டு வருமுங்க. எந்த மிசின்ல ஓடுச்சு, யாரு அளந்து பாத்தாங்கன்னு அதுல இருக்கும். மிசின்ல செஞ்சதுன்னு யாரும் தள்ளமாட்டோம். சீட்டு இல்லாத ட்ரேயத்தான் உள்ள வுடமாட்டோம்.”

“புள்ளைங்களும் நட்டு போல்ட்டும் ஒண்ணாய்யா?”

“நட்டுக்கே சீட்டு கேக்கறமே சார்.”

சம்பங்கி வினிதாவின் கடைசிப் பக்கத்தை மீண்டும் படித்தார். ‘பத்து நாள் கெடாது என்று போன் கூறியது. எங்கள் பெட்டியில் நான்காம் நாளே அழுகத் தொடங்கியது. எண்ணிப் பார்த்தவள் நான்.’

நாராயணப்பன் விதித்தாளை அவர்பால் நகர்த்தினார். “சீக்கிரம் போடுங்க டீச்சர். இன்னிக்கே பலகையில ஒட்டணும்.”

சம்பங்கி பேனாவை மூடினார்.

“இதுல நான் கையெழுத்து போடல சார். வினிதா பேரக் கண்காட்சிக்கு அனுப்பறேன். நாளையிலேருந்து சீட்டு இல்லாத கட்டுரைய நான் திருத்தமாட்டேன்.”