மடியில் வைத்த தேங்காய் மிட்டாய்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து குவாயாகில் துறைமுகத்தில் வாழைப்பெட்டி ஏற்றியவனுக்கு வேறென்ன மிஞ்சும்? தெற்கே போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிது. காலடியில் சாக்கு. அதற்குள் பழுதுபார்த்து வாங்கிய தையல் மெஷினின் தலை. என் மனைவி லிடியா அதில்தான் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அது ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும்.

பக்கத்து சீட்டில் சோய்லா அக்கா. எங்கள் தெருக்காரி, சந்தையில் மீன் கழுவுகிறவள்.

மிட்டாய்க்காரன் பாவுஸ்தோ ஏறினான். வழக்கம்போல ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தேங்காய் மிட்டாயை வைத்துக்கொண்டே பின்னால் போனான். வைத்து முடித்ததும் நின்று வீட்டுக் கஷ்டம் பேசுவான். அப்புறம் திரும்பி வந்து காசையோ மிட்டாயையோ வாங்கிக்கொள்வான்.

"எலோய், எந்திரி. இறங்கணும்," என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

"நம்ம ஸ்டாப்பு இன்னும் வரலியே."

"கடைசி சீட்டுல ரெண்டு பேரு. அவனுங்க மடியில மட்டும் வைக்கல."

"வாங்குற மூஞ்சி இல்லன்னு நெனச்சிருப்பான்."

"தூங்குற குடிகாரன் மடியிலயே வைக்கிறவன்யா அவன். இப்ப பேச்சும் பேசல, காசும் கேக்கல. கதவுகிட்ட போய் நிக்கிறான் பாரு."

"இதைத் தூக்கிட்டு அவ்ளோ தூரம் நடந்தா செத்துருவேன்க்கா."

"செத்தா மெஷினை நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். எந்திரி."

எழுந்தேன். பஸ் நின்றதும் பாவுஸ்தோ முதலில் இறங்கிக் கூட்டத்தில் கலந்தான். ஒரு மிட்டாயைக்கூட அவன் விட்டுப்போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பஸ் நிறைய விட்டுவிட்டுப் போனான். நாங்கள் அவன் பின்னாலேயே இறங்கினோம்.

பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தேன். அந்த இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவன் பேசத் தொடங்கியிருந்தான். வியாபாரி மாதிரிதான் கையை ஆட்டினான். கையில் இருந்தது மிட்டாய் இல்லை, துப்பாக்கி.

சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நடந்தோம்.

"கண்ணு எதுக்குய்யா வச்சிருக்க?" என்றாள் அக்கா.

"தூங்க."

"அதுவும் சரிதான்."

லிடியா அன்று மாலையே தைக்க உட்கார்ந்தாள். மெஷின் நன்றாக ஓடுகிறது. என் இடுப்புதான் இன்னும் சரியாகவில்லை.

மிட்டாய் என் கையோடு வந்துவிட்டது. வழியில் பசித்தது, தின்றுவிட்டேன். பாவுஸ்தோ அதற்கப்புறம் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. ஒரு தேங்காய் மிட்டாய்க்கு அவனுக்கு நான் தர வேண்டிய கால் டாலர் பாக்கி நிற்கிறது.