வெள்ளி வாய்

“சாமி, எங்கய்யா கோயிலுக்குக் குடுத்த வெள்ளி வாயைத் திருப்பித் தாங்க.”

நேர்ந்து கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கடல் சும்மா விடாது என்று மிக்கேலம்மாளுக்குப் பால்குடியிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார்கள். பால் குடித்ததும் ஒழுங்காக இல்லை. பிறக்கும்போதே இடது வாயோரம் பிளந்து பாதிக் கன்னம் வரை ஓடியிருந்ததால், ஊட்டியதில் பாதி கழுத்துக்குப் போனது. வம்சத்திலேயே முதல் பி.ஏ. அவள்தான். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வேறு. மற்றவர்களுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒன்றரை, பிறகென்ன? அதே விழாவில் பாயசம் குடிக்க மட்டும் காக்கையைப் போலத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.

பிளவைத் தசையோடு சேர்த்துத் தைத்து, வலது ஓரத்துக்குச் சரியாக இடது ஓரத்தை அமைத்துவிடலாம் என்று மதுரை டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டில் தயார். அய்யா அருளானந்தம்தான் மறித்தார்.

“உன் வாய் சரியாகணும்னு குடுத்த காணிக்கை சவேரியார்கிட்ட இருக்கையில கத்தி வச்சா, அவரை நம்பாத மாதிரி ஆயிராதா ஆத்தா?”

“இருபத்திரண்டு வருசமாச்சுய்யா. நான் பி.ஏ. முடிக்கட்டும்னு காத்திருந்தாரோ என்னவோ.”

அதனால்தான் இன்று இந்த வழக்கு. அய்யா உள்ளே வராமல் வாசலிலேயே துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். பங்குச்சாமியார் காணிக்கைப் பெட்டியை மேசையில் கவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் கண், கை, கால், ஒரு தோணி. வாயே ஏழெட்டு இருந்தது.

“உன்னுது எதுன்னு நீயே எடுத்துக்க.”

எல்லாம் கடையில் விற்கிற அச்சு வாய்கள், லட்சணமாக. அய்யாவும் இதில் ஒன்றைத்தான் வாங்கியிருப்பார், சவேரியாருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனதில் என்ன அதிசயம் என்று ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்தபடியே கிளறினாள்.

அடியில் ஒன்று கிடந்தது. இடது ஓரம் மட்டும் நீண்டு, நுனியில் லேசாக மேலே வளைந்து. கண்ணாடி பார்த்தது போலிருந்தது.

“அச்சுல வராதுன்னான் ஆசாரி,” என்றார் அய்யா வாசலிலிருந்தே. “உங் கன்னத்துல நூலு வச்சு அளந்து குடுத்தேன். நீ தூங்கிக்கிட்டு இருந்த.”

தயார் செய்த பிரசங்கத்தை ஒன்றரை வாயும் சேர்ந்து விழுங்கியது. முதல் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

அந்த வெள்ளித் தகட்டை மற்ற வாய்களுக்கு மேலே வைத்தாள்.

“இது இங்கனயே இருக்கட்டும் சாமி. திங்கட்கிழமைக்கு அப்புறம் எங்கிட்ட இந்த வாய் இருக்காது. பழசு ஒண்ணு அவருகிட்ட இருக்கணும்ல.”

“அப்ப கத்தி...?” என்றார் அய்யா.

“மதுரை ரயிலுக்கு நேரமாச்சுய்யா. வாரேன்.”

வந்தபோதே வாசல் படியோரம் வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஸ்டேசன் பக்கமாக நடந்தாள்.